சிவப்பு வெளுக்காத பிரிண்ட்: நீண்ட நாள் நிற்கும் காகிதமும் மையும் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் தெருக்கூத்துப் படம் ஒன்றை ஒரு டாக்டருக்கு விற்றேன். துரியோதனன் வேஷம் கட்டியவரின் முகம். படம் முழுக்க அரிதாரச் சிவப்பு. வெளிநாட்டுப் பருத்திக் காகிதம், நல்ல பிரேம். பதினான்கு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க துரியோதனனுக்கு ரத்தசோகை வந்திருக்கு. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். பால்கனிக் கதவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார். ரத்தச் சிவப்பாக இருந்த முகம் சந்தன நிறத்துக்குப் பாதி வழி வந்திருந்தது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. ஓரத்து வெள்ளை அச்சிட்ட நாளில் இருந்தபடியே இருந்தது. அந்த விலை உயர்ந்த காகிதத்தின் மேல் நான் தெளித்திருந்ததுதான் பிரச்சினை: லிட்டர் கணக்கில் விற்கும் 'கம்பாட்டிபிள்' சாய மை. வேறு பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதில் போடுவது என்று அப்போது எனக்கே தெரியாது.

அதன் பிறகு படித்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. ஆயுளை மைக்குத் தனியாகவோ காகிதத்துக்குத் தனியாகவோ சொல்ல முடியாது. இந்த மை, இந்தக் காகிதத்தின் மேல், இந்தச் சுவரில் எத்தனை ஆண்டு என்றுதான் கேட்க வேண்டும். முதலில் சுவர், பிறகு மை, அதன் பிறகு காகிதம் என்று போவோம்.

1. முதலில் சுவரைப் பாருங்கள்

ஒரு மாதக் கண்காட்சிக்கு என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நல்ல சாய மையும் ஆர்சி காகிதமும் (பிளாஸ்டிக் மூடிய போட்டோத் தாள்) போதும். வீட்டுச் சுவரில் பத்து, இருபது ஆண்டு நிற்க வேண்டும் என்றாலோ, விலை கொடுத்து வாங்கும் ஒருவர் கையில் போகிறது என்றாலோதான் மற்றதெல்லாம் பொருந்தும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும், போனில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, படம் மாட்டப்போகும் இடத்தில் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் அளந்து பாருங்கள். துல்லியமாக இராது, 100 லக்ஸா 2,000 லக்ஸா என்று தெரிந்தால் போதும். அருங்காட்சியகங்கள் நுட்பமான காகிதப் பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவில்தான் விளக்கு வைக்கின்றன. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். நம் வீடுகளில் வரவேற்பறைச் சுவர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட வெளிச்சமான பக்கத்தில்.

வெளிச்சத்தோடு இன்னும் மூன்றைக் கவனியுங்கள். அது வெளிச்சுவரா, மழைக்கு ஓதம் ஏறுமா? பக்கத்தில் பூஜை அலமாரி இருந்து கற்பூரப் புகையும் ஊதுபத்திப் புகையும் தினம் படியுமா? ஜெராக்ஸ் மெஷினோ, அயனி கக்கும் காற்றுச் சுத்திகரிப்பானோ இருக்கிறதா? கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றும். அவை வெளியிடும் ஓசோன் சாய மையை அரிக்கும். இதற்கு ஒரு பழைய கதையே உண்டு, கீழே வருகிறது.

2. பெட்டியில் அச்சிட்ட '200 ஆண்டு' என்ன சொல்கிறது?

இங்க்ஜெட்டில் ஓவியத் தரப் பிரிண்ட் என்கிற தொழிலே வெளுப்புப் பிரச்சினையோடுதான் பிறந்தது. பாடகர் கிரஹாம் நாஷ் 1991-ல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் அச்சகத்தைத் தொடங்கினார். அங்கே ஓடியது ஐரிஸ் 3047. பத்திரிகை அச்சுக்கு முன் மாதிரி பார்ப்பதற்காகச் செய்த இயந்திரம் அது. மாதிரி நாலு நாள் நின்றால் போதும் என்பதால் அதன் சாய மைகள் அழகாக அச்சாகி, சீக்கிரமாக வெளுத்தன. அங்கு வேலை பார்த்த ஜாக் டுகான் இந்த அச்சுகளுக்கு 'ஜிக்லே' என்று பிரெஞ்சில் பெயர் வைத்தார்; தெளிப்பது என்ற பொருளில். இன்றும் காலரிகள் அந்தச் சொல்லைப் பெருமையோடு எழுதுகின்றன. ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஜிக்லே என்பது மையின் தரத்தையோ காகிதத்தின் தரத்தையோ சொல்லாது. நாஷின் இயந்திரம் 2005-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் காலத்திலிருந்தே இதை அளந்து வருபவர் அயோவா மாநிலத்தின் கிரின்னெல் ஊரிலிருக்கும் ஹென்றி வில்ஹெல்ம். பிரிண்டர் கம்பெனிகள் விளம்பரத்தில் காட்டும் ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் அவருடைய வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் தருவது. அந்த எண்ணுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: 450 லக்ஸ் வெளிச்சம், நாளுக்கு 12 மணி நேரம், 24 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதம். கோடாக் ஒரு காலத்தில் வீட்டு வெளிச்சம் 120 லக்ஸ்தான் என்று வைத்துக் கணக்குப் போட்டது. அந்த ஒரு மாற்றத்திலேயே அதே பிரிண்டின் ஆயுள் ஏட்டளவில் 3.75 மடங்கு ஆகிவிடும்.

இதை நம் வீட்டுக்கு மாற்றுவது சுலபம். 450 லக்ஸை 12-ஆலும் 365-ஆலும் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 19.7 லட்சம் லக்ஸ்-மணி. ஜன்னல் பக்கத்துச் சுவரில் சராசரி 2,000 லக்ஸ், பத்து மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 73 லட்சம். அதாவது 3.7 மடங்கு. பெட்டியில் 100 ஆண்டு என்று போட்டிருந்தால் அந்தச் சுவரில் 27 ஆண்டு. அது மோசமில்லை. பெட்டியில் எதுவுமே போடாத மைக்குத்தான் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. என் லிட்டர் பாட்டிலின் மேல் 'வைப்ரண்ட் கலர்ஸ்' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

அடுத்து, எந்த நிலையில் அளந்த எண் என்று பாருங்கள். கண்ணாடிக்குள் பிரேம் போட்டது, புற ஊதாக்கதிரை வடிக்கும் கண்ணாடி போட்டது, திறந்தபடி மாட்டியது, இருட்டில் ஆல்பத்தில் வைத்தது என்று வில்ஹெல்ம் தனித்தனியாகத் தருகிறார். விளம்பரக்காரர் இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்துப் பெரிய எழுத்தில் போடுவார். ஓசோன் தாங்குமா, ஈரம் தாங்குமா என்பதற்கும் அட்டவணையில் இடம் உண்டு. நம் கடற்கரை ஊர்களில் அந்தக் கட்டங்களையே முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் சராசரி ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி அந்த 60 சதவீதத்துக்கு மேலேதான்.

இப்போது ஓசோன் கதை. 2000-ஆம் ஆண்டு எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 1270 என்றொரு சாய மைப் பிரிண்டர் வந்தது. வெளிச்சத்தில் வெளுக்கும் சோதனையில் அந்தக் காலத்துக்கு நல்ல மதிப்பெண். ஆனால் கம்பெனியின் பளபளப்புக் காகிதத்தில் அச்சிட்டுத் திறந்தபடி வைத்தவர்கள் சிலருக்குச் சில நாள்களிலேயே படம் ஆரஞ்சாக மாறியது. வேறு சிலருக்கு மாதக் கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்குள் போட்டவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. காரணம் வெளிச்சம் அல்ல, காற்று. காகிதத்தின் மேல்பூச்சில் இருந்த நுண்துளைகள் வழியாக ஓசோன் உள்ளே புகுந்து சயான் (நீலப்பச்சை) சாயத்தைத் தின்றது. சயான் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். அதே மையை வேறு காகிதத்தில் போட்டால் இந்த வேகம் இல்லை. மையும் காகிதமும் ஜோடி என்று நான் சொல்வது இதைத்தான்.

3. மை

சாய மை நீரில் கரைந்த நிறம். காபித் தூள் கரைந்த நீர்போல, காகிதத்துக்குள் ஊறிவிடும். ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக நிற்பதால் ஒளியோ ஓசோனோ வந்து மோதினால் அதோடு கதை முடிந்தது. நிறமி மை அப்படியில்லை. அது நீரில் மிதக்கும் நுண்துகள், சந்தனம் கரைத்த மாதிரி. ஒரு துகள் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்; ஆனால் அதற்குள் எண்ணற்ற மூலக்கூறுகள் அடுக்கி இருக்கின்றன. வெளி அடுக்கு சிதைந்தாலும் உள் அடுக்கு நிறம் காட்டும். நல்ல கம்பெனிகள் அந்தத் துகளைப் பிசினில் பொதிந்தும் வைக்கின்றன. எனவே விற்கும் பிரிண்டுக்கு நிறமி மைதான். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

கடையில் இதைக் கவனித்து வாங்க வேண்டும். நம்மிடம் அதிகம் புழங்கும் எப்சன் எல்1800, எல்8050, எல்18050 போன்ற ஆறு நிற டேங்க் பிரிண்டர்கள் எல்லாம் சாய மை. கல்யாண ஆல்பத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் அருமையானவை. எல்8180-ல் கறுப்பு ஒன்று நிறமி. மற்ற நிறங்கள் சாயம். கேனான் புரோ-200 சாயம், அதன் அண்ணன் புரோ-300 நிறமி. பெட்டி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். எப்சன் பி700, பி900, கேனான் புரோ-1000 எல்லாம் நிறமி. ஆபீஸ் வேலைக்கு வரும் நான்கு நிற நிறமி டேங்க் பிரிண்டர்களும் உண்டு. மை நிற்கும், ஆனால் சாம்பல் மைகள் இல்லாததால் தோல் நிறமும் மேகமும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நிறமி என்றாலே எல்லா நிறமும் சமம் என்றில்லை. ஒரு பிரிண்டின் ஆயுள் அதிலிருக்கும் நோஞ்சான் நிறத்தின் ஆயுள். எப்சனின் பழைய கே3 மை வரிசையில் அது மஞ்சள். பின்னால் வந்த எச்டி வரிசையில் அந்த மஞ்சளை மாற்றிய பிறகுதான் வண்ணத்துக்கு '200 ஆண்டு வரை', கறுப்பு வெள்ளைக்கு '400 ஆண்டு வரை' என்று விளம்பரம் செய்ய முடிந்தது. கறுப்பு வெள்ளைக்கு ஏன் இரட்டிப்பு? கறுப்பும் சாம்பலும் கார்பன். கரி வெளுக்காது. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய பள்ளத்தில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தார்களே, அதே கரிதான். ஓலையைப் பூச்சி தின்றிருக்கும், ஓரம் ஒடிந்திருக்கும், எழுத்து மட்டும் கறுப்பாகவே நிற்கும்.

ஆகவே கறுப்பு வெள்ளைப் படம் போடுபவர்கள் பிரிண்டர் டிரைவரில் (கணினியில் அச்சு அமைப்புகளைக் காட்டும் மென்பொருள்) இருக்கும் அதற்கான தனிப் பயன்முறையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வண்ணப் பயன்முறையில் போட்டால் சாம்பலைக்கூடச் சயான், மெஜந்தா, மஞ்சள் கலந்து செய்ய வாய்ப்புண்டு. ஆண்டுகள் போனால் அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு வெளுத்து, படம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயும்.

சரி, பாட்டிலில் வரும் மலிவான 'நிறமி' மைகள்? நான் தொட மாட்டேன். எல்லாமே மட்டம் என்று சொல்லவில்லை. சோதனை முடிவு வெளியிடாத மைக்கு நான் வாங்குபவரிடம் எந்த வார்த்தையும் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். இந்த மாதம் வாங்கும் பாட்டிலும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒரே சரக்கா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

4. காகிதத்தின் உடம்பு

காகிதம் வாங்கும்போது கண் மேல்பரப்புக்குத்தான் போகும். முதலில் உடம்பைக் கேளுங்கள்: எதில் செய்தது?

பழைய வாரப் பத்திரிகை ஒன்றை மொட்டை மாடியில் இரண்டு வாரம் வைத்தால் பழுத்துவிடுகிறது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் செய்யும் வேலை அது. லிக்னினை முழுக்க நீக்கிய உயர்தர மரக்கூழை ஆல்பா செல்லுலோஸ் என்கிறார்கள். பருத்தியில் லிக்னின் கிட்டத்தட்டக் கிடையாது. இழை நீளமும் வலுவும் அதிகம். 'ராக்' என்று காகிதப் பெயரில் வருவது ஒரு காலத்தில் கந்தல் துணியைக் குறித்தது. இன்று பெரும்பாலும் பஞ்சு எடுத்த பிறகு பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையிலிருந்து செய்கிறார்கள். அதனால் தரம் குறைந்துவிடவில்லை.

ஆல்பா செல்லுலோஸ் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் ஹானமூலே ஆலை 1584-லிருந்து காகிதம் செய்கிறது. அதன் ஜெர்மன் எச்சிங் ஆல்பா செல்லுலோஸ்தான், ஓவியர்கள் விரும்பி வாங்குகிறார்கள். பருத்திக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நூறாண்டுக் கணக்குக்காகவும் கையில் எடுத்தால் தெரியும் அந்தக் கனத்துக்காகவும்தான். மூங்கிலும் இருக்கிறது: ஹானமூலே பாம்பூ 290, தொண்ணூறு சதவீதம் மூங்கில், மீதி பருத்தி. இளமஞ்சள் நிறம். மனித முகங்களுக்கு இதமாக இருக்கும், கடல் படத்துக்கு வேண்டாம்.

'ஆசிட் ஃப்ரீ' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். இன்றைய ஜெராக்ஸ் தாளே பெரும்பாலும் அமிலம் இல்லாததுதான். 'ஆர்கைவல்' என்பதும் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் பட்டம். கேட்க வேண்டியது ஐஎஸ்ஓ 9706. அதன்படி காகிதத்தின் பிஎச் 7.5-க்கும் 10-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் கணக்கில் குறைந்தது 2 சதவீதம் காரச் சேமிப்பும் இருக்க வேண்டும். அந்தச் சேமிப்புதான் முக்கியம். காற்றிலிருந்தும் மட்டமான பிரேம் அட்டையிலிருந்தும் நாளைக்கு வரப்போகும் அமிலத்தைச் சுண்ணாம்பு எதிர்கொண்டு அடக்கும். சந்தேகமான தாள் கையில் இருந்தால் பிஎச் பேனாவால் கிழித்த ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஊதாவானால் நல்லது. மஞ்சளாகவே நின்றால் அமிலம்.

புதுச்சேரிக் கைக்காகிதத்தில் அச்சிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உடம்பு அருமையான பருத்தி. ஆனால் மையைப் பிடித்து வைக்கும் பூச்சு அதில் இல்லை. மை ஊறிப் பரவி, கறுப்பு சாம்பலாகும். கனம் ஒரே சீராக இல்லாததால் அச்சுத் தலையில் உரசும் அபாயமும் உண்டு. இங்க்எய்ட் போன்ற முன்பூச்சைத் தூரிகையால் பூசிக் காயவைத்து அச்சிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆசைக்குச் செய்து பாருங்கள். ஆயுளுக்கு எண் எதுவும் சொல்லாதீர்கள்.

5. காகிதத்தின் மேல்தோல்

இங்கே மூன்று பெரிய சாதிகள். ஆர்சி காகிதம் இரு பக்கமும் பாலிஎத்திலீன் மூடிய தாள். விலை குறைவு, தட்டையாக இருக்கும், போர்ட்ஃபோலியோவுக்கும் மாதிரிக்கும் சரி. சேகரிப்பாளருக்கு விற்க மாட்டேன்.

மேட் பருத்திக் காகிதத்தில் சிலிக்காப் பொடியும் பசையும் கலந்த பூச்சு. கண்ணாடி போட்டாலும் ஓவியம்போல நிற்கும். அதன் கறுப்பின் அடர்த்தி (எண் கூடக் கூடக் கறுப்பு ஆழம்) 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். இருள் சூழ்ந்த படங்கள் இதில் கொஞ்சம் பால் கலந்தாற்போல் தெரியும். பூச்சு மென்மையானது; நகம் பட்டால் வெள்ளைக் கோடு.

பரைட்டா என்பது இருட்டறைக் காலத்துப் பழக்கம். பேரியம் சல்பேட் வெண்மைப் பூச்சின் மேல் மைப் பூச்சு. கறுப்பு 2.2-க்கு மேல் போகும், தாத்தா காலத்து வெள்ளிப் பிரிண்டின் ஆழம் கிடைக்கும். இரவுக் கூத்து, கோயில் கர்ப்பகிருக விளக்கு மாதிரிப் படங்களுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். பக்கவாட்டில் பார்த்தால் மை பட்ட இடமும் படாத இடமும் வேறு பளபளப்பில் தெரியலாம். கேனான் இதற்கென்றே நிறமில்லாத மை ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

கேன்வாஸ் பற்றி இரண்டே வரி. பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது, மரச்சட்டத்தில் மடிக்கும் ஓரத்தில் பூச்சு வெடிக்கும். வார்னிஷ் அடிக்காமல் கொடுக்கவே கூடாது.

6. கள்ளநோட்டு டார்ச் சோதனை

வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதுபோல, காகித ஆலைகள் தாளில் ஒளிர் வெண்மையூட்டி சேர்க்கின்றன. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். தாள் பளீரென்று இருக்கும். ஆனால் அந்த வேதிப்பொருள் காலப்போக்கில் களைத்துவிடும். காகிதம் உண்மையில் மஞ்சளாவதில்லை. போட்டிருந்த வெள்ளை வேஷம் கலைகிறது. படத்தின் மேகமும் வெளிச்சமும் அந்தத் தாள் வெள்ளையில்தான் நிற்கின்றன என்பதால் மொத்தப் படமும் நிறம் சாய்ந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டறையில் ஒரு ஜெராக்ஸ் தாளையும் நீங்கள் வாங்கப்போகும் மாதிரித் தாளையும் பக்கத்தில் வைத்து அடியுங்கள். ஜெராக்ஸ் தாள் நீலமாக எரியும். மாதிரித் தாள் மங்கலாகவே இருந்தால் வெண்மையூட்டி இல்லை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பாருங்கள். சிலவற்றில் பூச்சில் இருக்காது, உடம்பில் இருக்கும். பெயரிலும் குறிப்பு உண்டு. எப்சன் ஹாட் பிரஸ் நேச்சுரலில் வெண்மையூட்டி கிடையாது, ஹாட் பிரஸ் பிரைட்டில் உண்டு. ஹானமூலே மியூசியம் எச்சிங், வில்லியம் டர்னர், கேன்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் இவை வெண்மையூட்டி இல்லாதவை.

கொஞ்சம் இருந்தால் குடி முழுகிப்போகாது. ஆனால் வெண்மையூட்டி நிறைந்த தாளுக்குப் புற ஊதா வடிக்கும் கண்ணாடியைக் கூடுதல் விலைக்குப் போடுவது வேடிக்கை. புற ஊதா ஒளி உள்ளே வராவிட்டால் அந்தத் தாள் முதல் நாளே மங்கலாகத்தான் தெரியும்.

7. ஜோடிப் பொருத்தம், அப்புறம் ஜன்னல் சோதனை

இப்போது கையில் ஒரு மையும் இரண்டு மூன்று காகிதமும் தேறியிருக்கும். வில்ஹெல்ம் அட்டவணையிலும், அமெரிக்காவில் மார்க் மெக்கார்மிக்-குட்ஹார்ட் நடத்தும் ஆர்டன்பர்க் சோதனைகளிலும் உங்கள் ஜோடி இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்டன்பர்க் ஆண்டு சொல்லாது, மெகாலக்ஸ்-மணி (பத்து லட்சம் லக்ஸ்-மணி) சொல்லும். ஒரு வில்ஹெல்ம் ஆண்டு கிட்டத்தட்ட இரண்டு மெகாலக்ஸ்-மணி என்று மேலே பார்த்தோம், அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். காகித ஆலையின் இணையதளத்தில் உங்கள் பிரிண்டருக்கான ஐசிசி ப்ரொஃபைல் (அந்தக் காகிதத்தில் நிறம் சரியாக விழ உதவும் கோப்பு) இருக்க வேண்டும். அதுவும் இல்லாத காகிதம் எத்தனை அழகாக இருந்தாலும் தலைவலி.

பிறகு உங்கள் வீட்டுச் சோதனை. நிறக் கட்டங்களும் ஒரு முகமும் சாம்பல் படிக்கட்டும் உள்ள சிறு படத்தை ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு பிரதி போடுங்கள். ஒரு நாள் காயட்டும். ஒரு பிரதியைக் கறுப்பு உறையில் இட்டு பீரோவுக்குள் வையுங்கள். மற்றதில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டுங்கள். தேதியைப் பின்னால் எழுதுங்கள். சாய மை மூன்று மாதத்தில் கதை சொல்லிவிடும். அலுமினியத் தாளை எடுத்தால் நடுவில் கோடு தெரியும். நல்ல நிறமி மை ஒரு கோடை முழுக்க இருந்தாலும் பீரோப் பிரதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். இது ஆண்டுக் கணக்கு தராது. இரண்டில் எது தேவலை என்று மட்டும் தெளிவாகச் சொல்லும்.

மழைக்காலத்தில் இன்னொரு பிரதியைத் திறந்த அலமாரியில் விட்டுப் பாருங்கள். சாய மையில் மெல்லிய எழுத்துகள் ஈரத்தில் கசிந்து ஓரம் மங்குவதைப் பார்க்கலாம்.

8. அச்சிடும் நாள்

நல்ல சரக்கை வாங்கிவிட்டு அச்சிடும்போது கோட்டைவிடுவது உண்டு. மேட் பருத்தித் தாளில் எப்போதும் பொடி இருக்கும். மென்மையான அகலத் தூரிகையால் வெளியே தட்டி, துடைத்த பிறகுதான் பிரிண்டரில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அச்சான பிறகு பொடி உதிர்ந்து கறுப்பில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். டிரைவரில் காகித வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மேட் கறுப்பு மையைப் பரைட்டாவில் போட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

காய்வதற்கு அவசரப்படாதீர்கள். தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே மையிலிருக்கும் கிளைக்கால் என்ற கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உடனே பிரேம் போட்டால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தாற்போல் படலம் கட்டும். மேலே சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். பரைட்டா, ஆர்சி என்றால் தாளை மாற்றி இன்னும் ஒரு நாள். அடைமழை நாளில் அதற்கும் மேல். கையொப்பம் மேட் தாளில் பென்சிலால், பரைட்டாவில் நிறமி மைப் பேனாவால்.

9. பிரேம் கடையில் நிற்க வேண்டிய பத்து நிமிடம்

நம் ஊரில் பிரிண்டுகள் அதிகம் சாவது பிரேம் கடையில்தான். "கண்ணாடி ஒட்டி அடிச்சாத்தான் சார் படம் பளிச்னு இருக்கும்" என்பார். "இல்லண்ணே, நடுவுல இடைவெளி வேணும்" என்று நின்று சொல்ல வேண்டும். ஈரம் ஏறும்போது கண்ணாடியைத் தொடும் பிரிண்ட் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. மவுண்ட் அட்டை பருத்தி அட்டையாக இருக்கட்டும். பின்னால் ஹார்ட்போர்டு அடிப்பதைத் தவிர்க்க முடியாவிட்டால் அதற்கும் படத்துக்கும் நடுவில் இன்னொரு பருத்தி அட்டை. செல்லோடேப், ஃபெவிகால், இருபக்க டேப் மூன்றும் வேண்டாம். மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை மாப் பசையும். பசை துளியளவே இருக்கட்டும். மிச்சம் இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

வெளிச்சுவரில் மாட்டுவதானால் பிரேமின் நான்கு மூலையிலும் பின்னால் சிறு ரப்பர் குமிழ் ஒட்டிக் காற்று போக வழி விடுங்கள். கண்ணாடி இல்லாமல் காட்ட நினைத்தால் அதற்கான பாதுகாப்பு ஸ்பிரேயை மொட்டை மாடியில் வைத்து இரண்டு மூன்று மெல்லிய கோட் அடியுங்கள்.

மாட்டாமல் வைக்கும் பிரதிகளுக்கு நடுவே அமிலமில்லாத மெல்லிய தாள், வெளியே பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை ஆகாது. மர அலமாரியைவிட இரும்பு பீரோ மேல், ஈரச் சுவரைத் தொடாமல் இருந்தால். சிலிக்கா ஜெல் போடுங்கள், அந்துருண்டை போடாதீர்கள்.

பிரிண்டின் பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் பிரிண்டர், மை வரிசை, காகிதம், தேதி நான்கையும் எழுதுங்கள். இருபது வருடம் கழித்து அதைப் பார்க்கப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

டாக்டருக்குக் கடைசியில் நிறமி மையில், வெண்மையூட்டி இல்லாத பருத்திக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தேன். அதே தாளில் முகத்தின் ஒரு துண்டையும் அச்சிட்டு என் பீரோவில் கறுப்பு உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தை மாதமும் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சுவரில் இருப்பதோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்கிறேன். இதுவரை கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பால்கனிக் கதவுக்கு ஒரு திரை போடச் சொன்னதை மட்டும் அவர் இன்னும் செய்யவில்லை.